களிம்பு கடைசியில்

மாஸ்டரின் சலூனில் மூன்று சுழல் நாற்காலிகள் உண்டு. ஒன்று மாஸ்டருடையது. அடுத்தது அவர் மனைவியின் தம்பியுடையது. கடைக்குள் நுழையும்போதெல்லாம் தலையைக் குனிந்தாக வேண்டிய உயரம் என்பதால் அவனுக்கு நெட்டை என்ற பெயர் நிலைத்துவிட்டது. மூன்றாவது நாற்காலியில் உயரம் ஏற்றும் திருகு தேய்ந்துபோய், உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் மெதுவாகத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டே இருப்பார். அது காத்திருப்பவர்களுக்கு. மத்தியானமானால் அதில் கொட்டாவி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவர் வந்து உட்காருவார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வீட்டாருக்கே மறந்திருக்கும். உள்ளே நுழையும்போது ஒன்று, பேப்பரை விரிக்கும்போது ஒன்று என இரண்டே கொட்டாவியில் ஆள் அணைந்துவிடுவார். விழிக்கும்போது முழங்கால் முகவாய்க்குப் பக்கத்தில் இருக்கும்.

இந்தக் கடையில்தான் ஒரு நாள் காலை, ஒரு சுருட்டைத் தலைக்காரரின் பிடரியிலிருந்து மெஷின் தெறிக்கவிட்ட ஒரு துண்டு முடி மாஸ்டரின் வலது கண்ணுக்குள் போனது. அதுவரை அவர் காதுக்குள் போயிருக்கிறது, சட்டைப்பைக்குள் போயிருக்கிறது, டீக்குள் போய் வயிற்றுக்குள்ளும் போயிருக்கிறது. எல்லாவற்றையும் அவர் தொழிலின் பங்காகப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டிருந்தார். கண்ணை மட்டும் கசக்கிவிட்டார். மறுநாள் காலை கண் தக்காளி மாதிரி இருந்தது.

கண் ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "கருவிழியில கீறல். இது ஆறிடும்." பிறகு ஏதோ ஒரு கருவியை இரண்டு கண்ணிலும் ஒற்றி எடுத்து, எண்ணைப் பார்த்து, மறுபடியும் ஒற்றிப் பார்த்தார். டாக்டர்கள் ஒரு காரியத்தை இரண்டு தடவை செய்தால் நல்ல சேதி வராது என்பது மாஸ்டருக்குத் தெரியும்.

"கண்ணுக்குள்ள பிரஷர் அதிகமா இருக்கு. ரெண்டு கண்ணுலயும்."

"எனக்கு வலிக்கவே இல்லையே டாக்டர்."

"வலிக்காது. அதான் கஷ்டம். ஓரத்துலேர்ந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாப் போகும். போனது திரும்பாது. மருந்து ஒழுங்காப் போட்டா இருக்கறதக் காப்பாத்தலாம்."

மாஸ்டரின் பிழைப்பே ஓரத்தில்தான் இருந்தது. நடு மண்டையில் யார் வேண்டுமானாலும் கத்தரி போடலாம். கிருதாவின் நுனி, காதின் பின்வளைவு, பிடரியில் முடி முடிந்து கழுத்து தொடங்குகிற அந்தக் கோடு, இவற்றைச் செய்யத்தான் ஆள் வேண்டும்.

மருந்துக் கவுன்ட்டரில் இருந்த பெண் மூன்று மருந்தை எடுத்து வைத்து வேகமாகச் சொன்னாள். தண்ணீர் மாதிரி இருக்கும் சொட்டு முதலில். பால் மாதிரி இருக்கும் சொட்டைக் குலுக்கிவிட்டு, இடைவெளி விட்டு, அதற்கு அப்புறம். ட்யூபில் இருக்கும் களிம்பு ராத்திரி படுக்கும்போது, வலது கண்ணுக்கு மட்டும், கடைசியாக. எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். மாஸ்டர் அந்த நேரத்தில் அவளுக்குப் பின்னால் நின்றவனின் கிருதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கிருதா ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தது. யார் இந்தப் பாவத்தைச் செய்தது என்ற யோசனையில் மூன்று மருந்தின் கதையும் காற்றோடு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். "இதுல எத மொதல்ல போடணும்?"

"கேக்கற கேள்வியப் பாரு. மொதல்ல க்ரீம். அப்புறம் தண்ணி. கடைசில லோஷன்."

"அப்படின்னு டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் எதுக்குச் சொல்லணும்? எத்தன மூஞ்சிக்குப் பண்ணியிருக்கேன்!"

முகத்துக்கு எது முறையோ அதுவே கண்ணுக்கும் முறை என்று அவர் முடிவு செய்துவிட்டார். தினமும் காலை கடையைத் திறந்ததும் தன் நாற்காலியைச் சாய்த்துப் படுப்பார். களிம்பை இமைக்குள் தாராளமாக இழுப்பார். அதன்மேல் தண்ணீர்ச் சொட்டு. அது காய்வதற்குள் பால் சொட்டு. வலது கண்ணுக்கு மட்டும் என்று சொல்லப்பட்ட களிம்பு இடது கண்ணுக்கும் போயிற்று. ஒரு கன்னத்தை மட்டும் வழித்துவிட்டு ஆளை அனுப்புகிற வழக்கம் அந்தக் கடையில் என்றைக்கும் இருந்ததில்லை. கடைசியாகத் துண்டை உதறி, கன்னத்தில் வழிந்ததை ஒற்றி எடுத்து, கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வார். ஒரு பாட்டு முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சாயங்காலம் கடை மூடும் முன் மறுபடி ஒரு முறை.

அதன்பின் உலகம் கரையத் தொடங்கும்.

களிம்பு போட்ட கண்ணுக்குக் கடை ஒரு குளத்துக்கு அடியில் இருந்தது. எதிரெதிர்ச் சுவர்களில் இருந்த இரண்டு கண்ணாடிகளுக்குள் வரிசை வரிசையாக மாஸ்டர்கள் நின்றார்கள். முதல் மாஸ்டர் கொஞ்சம் கலங்கல். அவருக்குப் பின்னால் நின்றவர் மேகம். அதற்கும் பின்னால் நின்றவர்கள் யார் என்றே சொல்ல முடியாத வெளிச்சத் தூண்கள். ட்யூப் விளக்கைச் சுற்றி ஒரு வளையம் பூத்திருந்தது. வாசலில் போகிற சைக்கிள்கள் மணியடிக்கிற நிறங்களாகப் போயின. வெட்டப்பட்ட முடி தரையை நோக்கி விழாமல், யோசித்து, இன்னொரு பக்கமாகப் போய் இறங்கியது. தழும்பு, பரு, சுருக்கம் எல்லாம் போய், கடைக்கு வந்த அத்தனை பேரும் அழகர்களாகிவிட்டார்கள். கொட்டாவியின் வழுக்கைகூட உதிக்கப்போகிற ஏதோ ஒன்றைப் போல மூன்றாம் நாற்காலியிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. உண்மையில் அது இறங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டருக்கு இந்த உலகம் பிடித்துப்போயிற்று. மருந்து உள்ளே இறங்கி வேலை செய்கிறது, அதனால்தான் இப்படி என்று வேறு நினைத்துக்கொண்டார். ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து வெகுநேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் மனைவி.

"இன்னிக்கு நீ ரொம்ப அழகா இருக்கே."

"அது பீரோ. நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

கடையில் விஷயம் இவ்வளவு இலேசாக முடியவில்லை. ஒரு நாள் காலை ஒருவர் வாசலில் தலையை நீட்டி ஏதோ கேட்டார். மாஸ்டர் அவரைக் கைப்பிடித்து அழைத்து, நாற்காலியில் சாய்த்து, துணியைப் போர்த்தி, பிரஷ்ஷால் நுரையைக் குழைத்து முகம் முழுக்கப் பூசினார். அந்த மனிதர் கூச்ச சுபாவம் உள்ளவர் போலிருக்கிறது, எதிர்ப்பே இல்லை. மாஸ்டர் கத்தியை எடுத்து விரித்தபோதுதான் நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்னு கேக்க வந்தேன்."

நெட்டை தன் கத்தரியை வைத்துவிட்டு வந்தான். வந்தவரின் முகத்தைப் பார்த்தான். காலையில்தான் வீட்டிலேயே சுத்தமாகச் சவரம் செய்துகொண்ட முகம். மாஸ்டரின் கத்தி அவர் தொண்டைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. நெட்டை அந்தக் கையை மெல்லப் பிடித்து, கத்தியை வாங்கி, மடித்து, தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நுரையைத் துடைத்துவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு வழியும் சொல்லி அனுப்பினான்.

"மாப்ள, கத்தியக் குடு."

"டாக்டர் கண்ணு சரியாச்சுன்னு சொல்லட்டும் மாமா. அன்னிக்கே தர்றேன்."

"உனக்குக் கத்தி புடிக்கக் கத்துக்குடுத்ததே நான்தான்டா."

"அதனாலதான் சொல்றேன். கண்ணு தெரியாதவன் கையில கத்தி குடுக்கக்கூடாதுன்னு நீங்கதான் கத்துக்குடுத்தீங்க."

தன் வசனமே தனக்கு எதிராக வந்து உட்கார்ந்துகொண்டால் மனிதன் என்ன செய்வான்? அன்றிலிருந்து அவருக்குத் தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலும் துடைப்பமும் கிடைத்தன. கத்தி இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், போகிற வருகிற தலைகளின்மேல் எல்லாம் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். கொட்டாவியின் பேப்பர் தினமும் நனைந்தது.

*

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் கருவியை ஒற்றினார், பார்த்தார், மறுபடி ஒற்றினார்.

"கீறல் சூப்பரா ஆறிடுச்சு. ஆனா பிரஷர் அப்படியே இருக்கு. ஒரு துளிகூட இறங்கல."

"தவறாமப் போடறேன் டாக்டர். காலையும் சாயங்காலமும்."

"களிம்பு மட்டும் வேலை செஞ்சிருக்கு. சொட்டு ரெண்டும் செய்யல. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா ஆபரேஷன்தான். அதுக்கு முன்னாடி..." அவர் பக்கத்து அறைப் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், இவர் எப்படி மருந்து போடறார்னு ஒரு தடவ பாருங்க."

நர்ஸ் சின்னப் பெண். மூக்குக்கண்ணாடிக்குமேல் ஆளை அளக்கிற பார்வை. மாஸ்டர் ஷேவிங் சாமான் பையிலிருந்து மூன்று மருந்தையும் எடுத்தார். தோளில் போட்டிருந்த துண்டை உதறினார். நாற்காலியில் சாய்ந்தார். வேடிக்கை பார்க்க ஆள் இருந்ததால் அன்றைக்குச் செய்கையில் கொஞ்சம் அழகும் சேர்ந்தது. களிம்பு இரண்டு கண்ணுக்கும் இழுத்தாயிற்று. தண்ணீர்ச் சொட்டு டப் டப் டப். பால் சொட்டு, குலுக்காமலே, டப் டப் டப். பாட்டில் முனையை இமைமேல் லேசாகத் தட்டி, மிச்சத்தை உதறி, துண்டால் கன்னத்தை ஒற்றி, "முடிஞ்சுது சிஸ்டர்" என்றார்.

நர்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?"

"சலூன் வச்சிருக்கேம்மா. எல்லாரும் மாஸ்டர்னு கூப்பிடுவாங்க."

"நெனச்சேன். கண்ணுக்கு ஷேவிங் பண்றத இன்னிக்குத்தான் பாக்கறேன்." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "எதுக்கு மூணு மூணு சொட்டு?"

"நம்ம கடைல கஞ்சத்தனம் கெடையாதும்மா."

"கண்ணுக்குள்ள ஒரு சொட்டுக்குத்தான் எடம் மாஸ்டர். மிச்சம் ரெண்டும் சட்டைக்குப் போகுது. உங்க சட்டைக்குப் பிரஷரே வராது. சரி, களிம்ப ஏன் மொதல்ல போட்டீங்க?"

"க்ரீம்தானேம்மா மொதல்ல."

"மூஞ்சிக்கு. இது எண்ணெப்பசை. அதுக்குமேல சொட்டு விட்டா உள்ள எறங்காது, வழுக்கிட்டு வெளிய வந்துடும். கதவச் சாத்திட்டு விருந்தாளியக் கூப்பிட்டிருக்கீங்க. கீறல் ஆறினது ஏன்? களிம்பு மட்டும் நேரா உள்ள போச்சு. ரெண்டு சொட்டும் வாசலோட திரும்பிப் போச்சு."

மாஸ்டர் மங்கலாகத் தெரிந்த அவள் குரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது போகட்டும். தலைக்கு டை போடுவீங்கல்ல?"

"போடுவேனே."

"போட்ட அடுத்த நிமிஷமே தண்ணி ஊத்தி அலசுவீங்களா?"

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் தொழில் கோபம் வந்துவிட்டது. "எந்த மடையன்மா அப்படிப் பண்ணுவான்? ஊற விடணும். இல்லேன்னா போட்டதெல்லாம் ஜலதாரைல போயிடும்."

"மொதல் சொட்டு விட்ட கையோட ரெண்டாவது சொட்ட விடறீங்களே, அது என்ன?"

மாஸ்டர் மூன்று மருந்தையும் ஒரு தடவை பார்த்தார். இத்தனை நாளாக ஊறாத கண்ணை அலசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது. தினமும் காலையில் ஒழுங்காக, துண்டெல்லாம் உதறி, ஓரத்தை இழந்துகொண்டிருந்திருக்கிறார்.

"சொல்லும்மா," என்றார் சின்னக் குரலில். "மொதல்லேர்ந்து சொல்லு. இப்ப யாரு தலையையும் பாக்கல."

அவள் சொன்னாள். முதலில் கையைக் கழுவ வேண்டும். கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி கிடைக்கும், அதற்குள் தண்ணீர்ச் சொட்டு ஒன்றே ஒன்று. பாட்டில் முனை இமையையோ விரலையோ தொடக்கூடாது. கண்ணை இறுக்காமல் மூடிக்கொண்டு, மூக்கோரம் இருக்கிற உள்மூலையை விரலால் லேசாக அழுத்திக்கொண்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு நடந்துவிடும். "கசக்குதே, நெஞ்சு படபடன்னு இருக்கேன்னு அப்புறம் என்கிட்ட வருவீங்க." அதன்பிறகு ஐந்து நிமிஷமாவது சும்மா இருக்க வேண்டும். பத்து நிமிஷம் என்றால் இன்னும் நல்லது. பிறகு பால் சொட்டு, நன்றாகக் குலுக்கி. மறுபடி அதே மாதிரி. களிம்பு ராத்திரிக்கு, எல்லாச் சொட்டும் முடிந்து ஊறிய பிறகு, கடைசியாக, வலது கண்ணுக்கு மட்டும், ஆறின கீறல் மறுபடி பிரியாமல் இருக்க இன்னும் கொஞ்ச நாளைக்கு.

"இடது கண்ணுக்குக் கொஞ்சம்..."

"கூடாது."

"இல்ல, ஒரு பக்கம் மட்டும் போட்டா பாக்கறதுக்கு..."

"மாஸ்டர், கண்ண யாரும் சீவிப் பாக்கப் போறதில்ல."

*

கையைக் கழுவிக்கொண்டு, ஒரே ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மூக்கின் இருபுறம் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் சலூன் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அக்கம்பக்கத்தில் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். தையற்கடைக்காரர் அது மூச்சுப்பயிற்சி என்றார். இன்னொருவர் மாஸ்டர் மௌன விரதம் எடுத்துவிட்டார், கத்தியைத் துறந்துவிட்டார் என்றார். மூன்றாம் நாள் ஒருவர் வந்து தன் வீட்டுக் கதவைக் கிழக்கே வைக்கலாமா என்று மாஸ்டரின் காதருகே கேட்டார். மாஸ்டர் "உஷ்" என்றார். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு அவர் கதவை வடக்கே வைத்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

மாஸ்டருக்கு முதலில் அந்த ஐந்து நிமிஷம் தாங்க முடியாததாக இருந்தது. சும்மா இருந்து பழகாத கை. மூடிய கண்ணுக்குள் வெறும் சிவப்பு. பிறகு சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, கடையின் சத்தங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரத் தொடங்கின. கத்தரியின் சத்தம் பேச்சு மாதிரி இருந்தது. அடர்ந்த முடியில் அது முணுமுணுத்தது, மெல்லிய முடியில் கிசுகிசுத்தது, ஒன்றும் இல்லாத இடத்தில் வெறுமனே தாளம் போட்டது. தரையில் முடி விழுகிற சத்தம்கூட ஒன்று உண்டு. பனி விழுந்தால் அப்படித்தான் இருக்கும் என்று, பனியைப் பார்த்தே இராத மாஸ்டர் நினைத்துக்கொண்டார். அந்தப் பனி அவர் மடியில் விழுந்தது, முழங்காலை மூடியது, நாற்காலி அதில் ஓடம்போல மெல்லத் திரும்பியது. எதிரெதிர்க் கண்ணாடிகளுக்குள் இருந்த மாஸ்டர்கள் எல்லாம் விரலை மூக்கோரம் வைத்தபடி வரிசையாக உட்கார்ந்து அவரோடு மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் எவன் கண்ணைத் திறந்தாலும் எல்லோருக்கும் விழிப்பு வந்துவிடும் என்பதால் ஒருவன்கூடத் திறக்கவில்லை.

ஒரு காலை அந்த ஓடத்திலிருந்தே அவர் சொன்னார், "மாப்ள, இடது பக்கம் ரொம்பப் போகுது."

நெட்டையின் கத்தரி நின்றது. அவன் நாற்காலியில் இருந்த பையனின் தலையை இரண்டு பக்கமும் பார்த்தான். இடது பக்கம் நிஜமாகவே ரொம்பப் போயிருந்தது.

"கண்ண மூடிட்டு எப்படி மாமா தெரியுது?"

"இடது பக்கம் வந்தா உன் கத்தரி ஓடுது. வலது பக்கம் நடக்குது. எல்லாத் தலையும் அப்படித்தானா?"

நெட்டை சீப்பை எடுத்து வலது பக்கத்தைச் சீவத் தொடங்கினான். அந்தப் பையன் கண்ணாடியில் தன்னையே கவலையோடு பார்க்கத் தொடங்கினான்.

இடையில் சோதனை வராமல் இல்லை. ஒரு மத்தியானம் கொட்டாவி தூக்கத்தின் நடுவில் விழித்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை நீட்டினார். "மாஸ்டர், எதுக்கு இந்தக் காத்திருப்பு? என் கண்ணுச் சொட்டு இது. போட்ட ஒடனே ஜில்லுனு இருக்கும். சிவப்பெல்லாம் ஓடிடும். போன வருஷம் வாங்கினது, இன்னும் பாதி இருக்கு."

"போன வருஷமா?"

"ரெண்டு வருஷமும் இருக்கலாம்."

நெட்டை ஒரே எட்டில் வந்து பாட்டிலைப் பிடுங்கினான். "அடுத்தவங்க கண்ணுல போட்டத இவருக்குக் குடுக்கறீங்களா? தொறந்து ஒரு மாசமானா தூக்கிப் போடணும்னு அந்த சிஸ்டர் தலையில அடிச்சுச் சொல்லியிருக்கு." பாட்டில் குப்பைக் கூடைக்குள் முடியோடு முடியாகப் போயிற்று. கொட்டாவி வருத்தப்பட நினைத்தார். அதற்குள் தூங்கிவிட்டார்.

பகலில் களிம்பு இல்லாததால் பகல் தெளிந்துகொண்டே வந்தது. ஒளிவளையம் போய் ட்யூப் விளக்கு வெறும் ட்யூப் விளக்காயிற்று. அழகர்கள் எல்லோரும் போய் வழக்கமான ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். மாஸ்டருக்குச் சில சமயம் குளத்தின் அடி ஞாபகம் வந்து மனசு கொஞ்சம் ஏங்கும். ராத்திரி படுக்கும்போது வலது கண்ணுக்குக் களிம்பு போட்டபின் மட்டும் அந்த உலகம் கொஞ்ச நேரம் திரும்ப வரும். ஒரு கண்ணுக்கு பீரோ, ஒரு கண்ணுக்கு மனைவி. "இப்ப எது நான்?" என்பாள் அவள். அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சரியாகச் சொல்லிவிடுவார்.

ஆனால் கத்தி நெட்டையின் பையிலேயே இருந்தது. பிரஷர் இறங்கியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தெளிவாகத் தெரிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நர்ஸ் முன்னமே சொல்லியிருந்தாள்.

*

அடுத்த பரிசோதனையில் முதலில் ஒரு இருட்டறை. மாஸ்டரின் முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு கண்ணைப் பொத்தி, பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் பார்க்கச் சொன்னார்கள். கையில் ஒரு பொத்தான்.

"நடுவுலயே பாருங்க. ஓரத்துல எங்கயாவது வெளிச்சம் தெரிஞ்சா அமுக்குங்க."

கிண்ணத்துக்குள் ஒரு பொட்டு மினுங்கியது. அமுக்கினார். இன்னொன்று. அமுக்கினார். ஊரே தூங்கியபின் ஒவ்வொரு வீடாக யாரோ விளக்கை ஏற்றி அணைப்பதுபோல இருந்தது. சில வெளிச்சங்கள் அவ்வளவு மங்கலாக வந்தன, பார்த்தோமா நினைத்தோமா என்று தெரியவில்லை. நினைத்ததற்கும் சேர்த்து அமுக்கினார். நாற்காலி மறுபடி ஓடமாகத் தொடங்கியது.

"தூங்காதீங்க சார்."

"தூங்கல. ஒண்ணும் வரலயே?"

இருட்டில் கருவியை இயக்கிக்கொண்டிருந்தவர் தன் திரையை ஒரு தடவை பார்த்தார். "வந்துகிட்டேதான் இருக்கு. நீங்க நடுவுலயே பாருங்க."

மாஸ்டர் நடுவிலேயே பார்த்தார். மேலே எங்கோ, அவருக்குத் தெரியாமலே வெளிச்சங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன என்பது அவருக்குப் புரிந்தது.

டாக்டர் கருவியை ஒற்றினார். எண்ணைப் பார்த்தார். இந்த முறை மறுபடி ஒற்றவில்லை.

"நல்லா இறங்கியிருக்கு. ஆபரேஷன் இப்ப தேவையில்ல. மேல் ஓரத்துல, ரெண்டு கண்ணுலயும் ஒரு சின்ன துண்டு போயிருக்கு. அது வராது. மிச்சத்த விடாமப் புடிச்சுக்கோங்க."

"மருந்து எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

வாசலில் நின்ற நர்ஸ் முந்திக்கொண்டாள். "முடி எவ்வளவு நாளைக்கு வளரும் மாஸ்டர்?"

அவர் தலையை ஆட்டினார். பிறகு, வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைக் கேட்டார். "கத்தி புடிக்கலாமா?"

"என்ன கத்தி?" என்றார் டாக்டர்.

"சவரக்கத்தி. சலூன் வச்சிருக்கார்," என்றாள் நர்ஸ்.

டாக்டரின் கை தன்னையறியாமல் தன் கழுத்துக்குப் போயிற்று. "பக்கத்துல பாக்கறதுக்கு ஒரு தடையும் இல்ல," என்றார். "யாரு கழுத்துங்கறத உங்க ஆளுங்களோட பேசி முடிவு பண்ணிக்கோங்க."

*

நெட்டை முடிவு செய்து வைத்திருந்தான். மாஸ்டர் சேதி சொல்லி முடித்ததும், பையிலிருந்து கத்தியை எடுத்தான், மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீலப் பலூனை எடுத்தான். தொழில் பழக வருகிறவனுக்கு முதலில் கொடுப்பது இதுதான். ஊதி, நுரை பூசி, வெடிக்காமல் வழித்துக் காட்டினால்தான் மனிதக் கழுத்து.

"மாப்ள, எனக்கா?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. நீங்க என்னை எத்தன பலூன் வழிக்க வச்சீங்க?"

"நீ எல்லாத்தையும் வெடிக்க வச்சே."

"அதான் கேக்கறேன்."

கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நெட்டை பலூனை ஊதி, முடிச்சு மேலே வரும்படிப் பிடித்துக்கொண்டான். மாஸ்டர் நுரை பூசினார். நீலம் மறைந்து அது தலையில்லாத ஒரு மேகமாயிற்று. கத்தி கையில் வந்ததும் அவர் கை தானே ஞாபகம் வைத்திருந்தது. கீழிருந்து ஒரு இழுப்பு. நீலத்தில் ஒரு கோடு திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. கத்தி ரப்பர்மேல் போகிற சத்தம் யாரோ தூக்கத்தில் மூச்சுவிடுவது போல இருந்தது. தையற்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். கத்தி முடிச்சை நெருங்கி, விலகி, துடைக்கப்பட்டு, மடங்கியது.

"முடிஞ்சுது."

நெட்டை பலூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை மாஸ்டரின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"என்ன?"

"மேல மாமா. முடிச்சுக்குக் கீழ."

மாஸ்டர் பார்த்தார். நீலமாகத்தான் இருந்தது. தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினார். எங்கிருந்தோ வந்ததுபோல ஒரு கீற்று வெள்ளை அங்கே உட்கார்ந்திருந்தது. கிண்ணத்துக்குள் வராத வெளிச்சங்கள் எல்லாம் போன இடம் இதுதான். அவர் கத்தியை விரித்து, ஒரே இழுப்பில் அதை எடுத்தார்.

கத்தியை அவரே மேஜைமேல் வைத்தார். "உன் பைலயே இருக்கட்டும் மாப்ள."

நெட்டை அதை எடுக்கவில்லை. "மாமா, ஒவ்வொரு ஆளுக்கும் கடைசில ஒரு தடவ தலைய நிமித்திப் பாருங்க."

"எங்க பாக்கறது?"

"என் மூஞ்சியப் பாருங்க. நான் உயரமாத்தானே நிக்கறேன். விட்டிருந்தா சொல்லப்போறேன்."

"நீ எப்பவும் நின்னுக்கிட்டே இருப்பியா?"

"வேற எங்க போகப்போறேன்?"

மாஸ்டர் கடையைச் சுற்றிப் பார்த்தார். "சரி, யாரு வர்றீங்க மொதல்ல?"

தையற்கடைக்காரருக்கு அவசரமாகத் தைக்க வேண்டிய துணி ஒன்று ஞாபகம் வந்தது. இன்னொருவர் தான் தாடி வளர்க்கத் தீர்மானித்திருப்பதாக அறிவித்தார். மூன்றாம் நாற்காலியில் கொட்டாவி விழித்திருந்தார். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கவனித்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தூங்குவதுபோல நடித்தார்.

நெட்டை பலூனைக் கொட்டாவியின் மடியில் வைத்துவிட்டு, மாஸ்டரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். சாய்ந்தான். கால்கள் கதவு வரை நீண்டன. மாஸ்டர் துணியைப் போர்த்தினார், நுரை பூசினார், கத்தியோடு குனிந்தார். இத்தனை மாதத்தில் மச்சினனின் முகத்தை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு தெளிவாக அவர் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரண்டு பேர் வேலையை ஒரே ஆள் பார்த்த முகம்.

"மாப்ள, கிருதா ரெண்டும் நரைச்சுப்போச்சுடா உனக்கு."

"நுரையா இருக்கும் மாமா. நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் தெரியுது," என்றார் மாஸ்டர். "அதான் பிரச்சனை."

நெட்டை கண்ணை மூடிக்கொண்டான். கத்தி காதோரத்திலிருந்து இறங்கத் தொடங்கியது.